ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ் பதிவு. மொக்கைக்காக வந்தவங்க பொறுத்துக்கங்க :-)

வல்லக்கோட்டைன்னா வெளியூர்க்காரங்களுக்கு முருகன் கோயில். எங்களுக்கு ஷிப்ட் பஸ். ஒரகடம் பக்கம் போனாலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனாலும் கம்பெனிதான். பிரஸ் மெஷின் ஓடுற ஊர்ல கையில அடிபடுறதும் உண்டு. அடிபட்டவங்க எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "தையல் பிரிச்சாச்சே, இன்னுமா சரியாகல?"

தோல் ஒட்ட ரெண்டு வாரம் போதுங்க. நரம்புக்குக் கணக்கே வேற.

மணிக்கட்டுல நரம்பு அறுந்தா, வெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இழை செத்துடும். இதை 1850-லயே அகஸ்டஸ் வாலர் எழுதிட்டார். ஆனா இழையைச் சுத்தியிருக்கிற ஷ்வான் செல்கள் சாகாது. அதுங்களுக்குள்ள சி-ஜுன்ங்கிற புரதம் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும். உடனே உறை போடுற வேலையை விட்டுட்டு, குப்பையை அள்ளி, வரிசையா நின்னு குழாய் மாதிரி பாதை போட்டு, வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கும். மேல் பக்கத்து இழை அந்தப் பாதையில வளர்ந்து வரும். மூளை, தண்டுவடத்துல இந்தக் கொடுப்பினை இல்லை. அங்க நோகோ மாதிரி புரதங்களும் தழும்பும் வழியை மறிச்சுடும்.

வேகம்? நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டுலேர்ந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர்னா, எல்லாம் நல்லபடியா நடந்தாலே ஆறு மாசம். முழங்கைக்கு மேலன்னா வருஷத்தைத் தாண்டும். ரொம்பத் தாமதமானா ஷ்வான் செல்களோட உதவியும் வத்திடும், தசையும் சூம்பிடும்.

வைத்தியத்துக்கு நம்மகிட்ட குறையில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கைக்குன்னே தனிப் பிரிவு 1971-ல ஆர். வெங்கடசாமி ஆரம்பிச்சது. 2018-ல அங்கேயே ஒருத்தருக்கு ரெண்டு கையும் மாத்திப் பொருத்தினாங்க. அடுத்தவர் கைக்குள்ளயும் நரம்பு இப்படித்தான் ஊர்ந்து போகணும்.

குறை நம்ம பொறுமையிலதான். மரத்துப்போன கையோட ஒருத்தரைத் திரும்ப மெஷின் முன்னாடி நிறுத்தினா, சூடும் தெரியாது, தகட்டு விளிம்பு கிழிக்கிறதும் தெரியாது. அடுத்த விபத்துக்கு நாமளே நாள் குறிச்சுக் கொடுக்கிற மாதிரி.

"ஆறு மாசம் சும்மா உக்கார வச்சுச் சம்பளம் தர முடியுமா?"ன்னு கேப்பாங்க. வேலை செய்யவே முடியாத காலத்துக்கு இஎஸ்ஐ-ல சுமார் 90 சதவீதச் சம்பளம் உண்டு. அதுக்கப்புறம் ஸ்டோர்ஸ், கணக்கு எழுதறதுன்னு மெஷின் இல்லாத வேலை கொடுங்க. காண்ட்ராக்ட் ஆளுன்னு கழட்டி விடாதீங்க.

ஆதாரம் வேணுமா? நரம்பு போற வழியில விரலால லேசாத் தட்டினா, இழை வளர்ந்து வந்திருக்கிற இடத்துல சுருக்குனு கூசும். 1915-லேர்ந்து தெரிஞ்ச சோதனை. மாசாமாசம் அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு டாக்டர் அளந்து எழுதட்டும். எப்ப பழைய வேலைக்கு அனுப்பலாம்னு அதை வச்சு முடிவு பண்ணுங்க. தையலை வச்சு வேண்டாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. கை மரத்துப்போனா பதிவு படிக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.