ஸைலன்ஸருக்குள் மழை

மயிலாப்பூரில் என் அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. 1968-ம் வருஷம் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்தது, அத்திம்பேர் வாங்கியது. அவர் காலமான பிறகு அதில் ஏறி எங்கும் போவாரில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தான் அதை இரண்டு நிமிஷம் கிளப்பி நிறுத்துவார். பூஜை அறையிலிருந்து அத்தை அந்த ஓசையைக் கேட்பாள்.

சென்ற மாதம், "வண்டிக்குக் குரல் உடைந்துவிட்டதடா, வந்து பார்" என்று எனக்குச் சொல்லியனுப்பினாள்.

போய்ப் பார்த்தேன். ஸைலன்ஸரின் மேற்புறத்தில் முலாம் கண்ணாடிபோல் பளபளத்தது. அடிப்புறத்தை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது!

மழை படாத தாழ்வாரத்தில் துரு எங்கிருந்து வந்தது? உள்ளேயிருந்துதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலம் உண்டாகிறது என்றால் நேயர்கள் நம்பத் தயங்கலாம். ஆனால் அது வாஸ்தவம். பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் பிராணவாயுவோடு கூடி நீராவியாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் கொதித்துக் கொண்டிருக்கும். ஆவி ஆவியாகவே வெளியேறிவிடும். இரண்டு நிமிஷத்தில் நிறுத்திய வண்டியிலோ, சோற்றுப்பானை மூடியின் அடியில் நிற்பதுபோல் ஜலம் முத்து முத்தாகத் தங்கும். புகையிலுள்ள அமிலங்களும் அதில் கரைந்து தகட்டைத் தின்னத் தொடங்கும். வாரந்தோறும் நடந்த உபசாரமே வண்டியை அரித்துவிட்டது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

அத்தானும் தம் பங்குக்கு, முலாத்தின்மேல் தோன்றிய துருப்புள்ளிகளை உப்புத்தாளால் தேய்த்திருந்தார். க்ரோமிய முலாம் என்பது நிக்கல் பூச்சின்மேல் படிந்த மிக மெல்லிய ஏடு. உப்புத்தாள் பட்டால் அதன் ஆயுள் முடிந்தது. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். அலுமினியம் க்ரோமியத்தைவிட மென்மையானதால் முலாத்தைக் கீறாது. துரு மட்டும் வந்துவிடும். முலாமே இல்லாத தாங்கிகளுக்குப் பாஸ்பரிக் திராவகம் நல்லது. கையுறை அணிந்து தடவினால், துரு கருமையான பாஸ்பேட்டாக மாறிவிடும். பிறகு கழுவி உலர்த்தி, சூடு தாங்கும் வர்ணம் பூசவேண்டும். சாதாரண வர்ணம் முதல் சவாரியிலேயே கருகிவிடும்.

ஓட்டைக்கு என்ன வழி? புது ஸைலன்ஸர் மாட்டுவது எளிது. "அப்புறம் அது வேறு வண்டி" என்று அத்தை சொல்லிவிட்டாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. பட்டறையில் இற்றுப்போன பாகத்தை வெட்டி எறிந்து, புது எஃகுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி துருச் செதில்கள் உதிர்ந்தன. ஸைலன்ஸரின் அடியில் ஜலம் வடிய ஒரு சிறு துவாரம் உண்டு. அது கரியால் அடைபட்டிருந்தது. கம்பியால் குத்தித் திறந்தேன். மறுபடியும் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது பார்க்கவேண்டும்.

கடைசியில் விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டி வந்தது. இனி வண்டியைக் கிளப்பினால் அரைமணியாவது ஓட்டவேண்டும், அல்லது கிளப்பவே கூடாது என்றேன். அத்தை சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்படியானால் ஓட்டட்டுமே" என்றாள்.

இப்பொழுது வெள்ளிக்கிழமைகளில் அத்தான் தாம்பரம் வரை போய்த் திரும்புகிறார். (கடற்கரைச் சாலை அழகுதான், ஆனால் உப்புக்காற்றுக்குத் துருவோடு நெருங்கிய உறவு.) சத்தம் தெருமுனையில் மறைந்ததும் அத்தை கடிகாரத்தைப் பார்க்கிறாள். திரும்பும் வேளைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வாசல் திண்ணைக்கு வந்துவிடுகிறாள்.