எல்லாவற்றிற்கும் ஒரே ரிமோட்: யாருடைய கைக்காக வாங்குகிறீர்கள்?



நகரங்களில் குடியேறி வாழும் நம்முடைய குடும்பங்களின் அன்றாடக் காரியங்களை மாதந்தோறும் இப்பகுதியில் சிந்தித்து வருகிறோம். வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இம்மாதத்துப் பொருள் மிகச் சிறியதாகவே தோன்றும். தொலைக்காட்சிப் பெட்டி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார் ஆகிய யாவற்றையும் இயக்கக்கூடிய ‘யுனிவர்சல் ரிமோட்’ ஒன்றைத் தெரிந்தெடுப்பது எப்படி என்பதே அப்பொருள். தொலைக்காட்சி வீட்டில் இருக்கலாமா, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது வேறொரு கேள்வி. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அது ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்குமானால், அதை இயக்கத் தெரியாமல் ஒருவர் பகல் முழுவதும் தவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

யார் அந்த ஒருவர்? உங்கள் வீட்டையே சற்று எண்ணிப் பாருங்கள். ஊரில் அப்பா மறைந்தபின் தனித்திருந்த அம்மாவை மும்பைக்கோ பெங்களூருக்கோ அழைத்து வந்திருக்கிறீர்கள். காலை 8 மணிக்கு நீங்களும் உங்கள் மனைவியும் வேலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் புறப்பட்டுவிடுகிறீர்கள். ஹிந்தியோ கன்னடமோ அறியாத அம்மா மாலைவரை மாடி வீட்டில் தனியே இருக்கிறார்கள். தமிழில் ஒரு குரலைக் கேட்க வேண்டுமானால் அவர்களுக்குத் தொலைக்காட்சி ஒன்றுதான் துணை. ஏதோ ஒரு பொத்தானில் கை பட்டுப் படம் மறைந்து, ‘நோ சிக்னல்’ என்ற ஆங்கில எழுத்து மாத்திரம் திரையில் நிற்கிறது. மேஜையின்மேல் பிளாஸ்டிக் உறை போட்ட ரிமோட்டுகள் மூன்று இருக்கின்றன. எதை எடுப்பது என்று விளங்கவில்லை. மகனுக்குப் போன் செய்தால் அவன் வேலை கெடுமே என்று எண்ணி, அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். மாலையில் நீங்கள் விசாரித்தாலும், “கண் வலித்தது, அணைத்துவிட்டேன்” என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே, இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ரிமோட்டை, வீட்டில் யாருக்கு அதை இயக்குவது மிகவும் கடினமோ அவருடைய கைக்கு ஏற்றதாகத் தெரிந்தெடுங்கள். கடைக்குச் செல்லுகிறவர் பெரும்பாலும் வீட்டிலேயே விவரம் அதிகம் தெரிந்தவராயிருக்கிறார். அவர் தமக்குப் பிடித்ததை வாங்குகிறார். அதைப் பகலெல்லாம் பயன்படுத்த வேண்டியவரோ வீட்டில் இருக்கிறார்.

ரிமோட் முதன்முதலில் வந்தபோது இவ்வளவு சிக்கல் இருக்கவில்லை. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1955-இல் ‘ஃபிளாஷ்மேட்டிக்’ என்னும் கம்பியில்லா ரிமோட்டை வெளியிட்டது. யூஜின் போலி என்பவர் அதை உருவாக்கினார். திரையின் நான்கு மூலைகளில் ஒன்றை நோக்கி விளக்கைக் காட்டினால் பெட்டி இயங்கும். ஆனால் சூரிய ஒளி பட்டாலும் சில வேளைகளில் தானாக இயங்கிவிடும். மறு ஆண்டிலேயே அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர், காதுக்கு எட்டாத ஒலியினால் இயங்கும் ரிமோட்டைக் கொடுத்தார். அதற்கு பேட்டரியே தேவைப்படவில்லை, பொத்தான்களும் சிலவே. இன்று சாதாரண ரிமோட் ஒன்றிலேயே நாற்பது, ஐம்பது பொத்தான்கள் உண்டு. அவற்றில் பத்துக்கு மேல் நாம் தொடுவதில்லை.

இன்றைய ரிமோட் எவ்விதம் வேலை செய்கிறது என்பதைச் சற்று அறிந்துகொண்டால், வாங்கும்போது ஏமாற்றம் இராது. பெரும்பான்மையான ரிமோட்டுகளின் முன்முனையில் சிறிய விளக்கு ஒன்று உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. மற்ற வெளிச்சங்களிலிருந்து பிரித்தறியப்படும்படி அவ்வொளி வினாடிக்கு ஏறக்குறைய 38,000 முறை துடிக்கிறது. அத்துடிப்புகளைச் சேர்த்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ரிமோட்டுக்கு மற்றொரு நிறுவனத்தின் பெட்டி செவிகொடாததற்கு இதுவே காரணம். பல நிறுவனங்களின் குறியீடுகளைத் தன்னுள் வைத்திருப்பதோ, மற்ற ரிமோட்டிடம் கற்றுக்கொள்வதோதான் யுனிவர்சல் ரிமோட்டின் வேலை.

இனி, கவனிக்க வேண்டியவைகளை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலாவதாக, பணம் செலவழிப்பதற்கு முன் வீட்டில் இருப்பதையே ஆராயுங்கள். உங்கள் செட்டாப் பாக்ஸுடன் வந்த ரிமோட்டில் ‘டிவி’ என்று தனியே குறிக்கப்பட்ட நான்கைந்து பொத்தான்கள் இருக்கக்கூடும். அநேகர் அவற்றைத் தொடுவதேயில்லை. அவை தொலைக்காட்சியின் ரிமோட்டிடமிருந்து கற்றுக்கொள்வதற்காக வைக்கப்பட்டவை. இரண்டு ரிமோட்டுகளின் முன்முனைகளையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிராய் வைத்து, ‘செட்’ பொத்தானைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடித்து, கற்க வேண்டிய பொத்தானையும் கற்பிக்கும் பொத்தானையும் அடுத்தடுத்து அழுத்துவதே பெரும்பாலும் வழக்கமான முறை. இது அமைந்துவிட்டால் இரண்டு ரிமோட்டுகள் ஒன்றாகிவிடும், செலவும் இல்லை.

சவுண்ட் பார் வைத்திருப்பவர்கள், அதை ஹெச்டிஎம்ஐ வயரினால் தொலைக்காட்சியின் ‘ஏஆர்சி’ என்று குறித்த துவாரத்தில் இணைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படி இணைத்து, தொலைக்காட்சியின் அமைப்புகளில் ‘சிஇசி’ வசதியையும் திறந்துவிட்டால், தொலைக்காட்சியின் ரிமோட்டே சவுண்ட் பாரின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். இந்த வசதியை சாம்சங் ‘எனிநெட் பிளஸ்’ என்றும், எல்ஜி ‘சிம்ப்லிங்க்’ என்றும், சோனி ‘பிராவியா சிங்க்’ என்றும் அழைக்கின்றன. பெயர் வேறாயினும் காரியம் ஒன்றே.

இரண்டாவதாக, ஒளியினால் இயங்குவது எது, புளூடூத்தினால் இயங்குவது எது என்று பிரித்தறியுங்கள். ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற சிறு கருவிகள் தொலைக்காட்சியின் பின்புறம் மறைந்திருந்து புளூடூத்தினால் இயங்குகின்றன. சாதாரண யுனிவர்சல் ரிமோட்டின் ஒளிக்கு அவை கட்டுப்படா. ஆனால் அதே ஸ்டிக்குடன் வரும் பிந்திய ரிமோட்டுகளில் தொலைக்காட்சியை அணைக்கவும் ஒலியை மாற்றவும் ஒளி விளக்கும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகையால் ஸ்டிக் மாத்திரமே பயன்படுத்துகிற வீட்டில் அதன் ரிமோட் ஒன்றே போதுமானதாயிருக்கலாம்.

ஒரு ரிமோட் ஒளி வீசுகிறதா என்று அறியச் செல்பேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முன்முனையை அதற்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெண்மையாகவோ ஊதாவாகவோ ஒரு மினுக்கம் தெரியும். பின்புறக் கேமராவில் தெரியாவிட்டால் முன்புறக் கேமராவில் பாருங்கள். ‘கெட்டுப்போன ரிமோட்’ என்று நாம் எண்ணியதற்குப் புதிய பேட்டரி மாத்திரமே தேவை என்பதும் இதனால் தெரியவரலாம்.

மூன்றாவதாக, வாங்கத்தான் வேண்டும் என்றால், கற்றுக்கொள்ளும் வகையையே தேடுங்கள். சந்தையில் இருவகை உண்டு. ஒன்று, குறியீட்டு எண்களின் பட்டியலோடு வருவது. உங்கள் தொலைக்காட்சி பெயர்பெற்ற நிறுவனத்தினுடையதாயிருந்தால் அது போதும். உள்ளூரில் பூட்டிய பெயர் தெரியாத பெட்டியானால் பட்டியலில் அது இல்லாமற்போகலாம். மற்றொன்று, பழைய ரிமோட்டிடமிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கற்றுக்கொள்வது. ஒளியினால் இயங்கும் கருவி எதுவானாலும் பெரும்பாலும் இது ஏற்றது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: கற்பிக்கிற பழைய ரிமோட் உயிரோடு இருக்க வேண்டும். அது உடைந்து தண்ணீரில் விழுந்தபின் கடைக்குப் போனால் பயனில்லை. நன்றாயிருக்கும்போதே வாங்கிக் கற்பித்துவிட்டு, பழையதைப் பேட்டரி கழற்றி அலமாரியில் பத்திரப்படுத்துங்கள்.

முதியவர்களுக்கென்றே ஆறு, ஏழு பெரிய பொத்தான்கள் மாத்திரம் உள்ள கற்றுக்கொள்ளும் ரிமோட்டுகளும் கிடைக்கின்றன. அம்மாவுக்கு வேண்டியது என்ன? திறக்க, அணைக்க, சேனல் மாற்ற, ஒலியைக் கூட்டக் குறைக்க. ‘இன்புட்’ பொத்தானை அதற்குக் கற்பிக்கவே வேண்டாம். அநேக வீடுகளில் ‘நோ சிக்னல்’ தொல்லை அந்த ஒரு பொத்தானால்தான் வருகிறது.

நான்காவதாக, ‘ஒரே அழுத்தத்தில் எல்லாம் இயங்கும்’ என்ற விளம்பரத்தைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள். பல கருவிகளில் திறப்பதற்கும் அணைப்பதற்கும் ஒரே பொத்தான். தொலைக்காட்சி அணைந்தும் செட்டாப் பாக்ஸ் திறந்தும் இருக்கும் வேளையில் அந்த ஒரே அழுத்தம் ஒன்றைத் திறந்து மற்றதை அணைத்துவிடும். இதற்கு எளிய வழி, செட்டாப் பாக்ஸைப் பகலில் திறந்தபடியே விட்டு, தொலைக்காட்சியை மாத்திரம் திறந்து அணைப்பதாகும். விலையுயர்ந்த ரிமோட்டுகளிலும் உறுதி இல்லை. பெயர்பெற்றிருந்த ஹார்மனி வகை ரிமோட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டதாக லாஜிடெக் நிறுவனம் 2021 ஏப்ரல் மாதத்தில் அறிவித்தது.

செல்பேசியையே ரிமோட்டாகப் பயன்படுத்தலாமே என்று வாலிபர் கேட்பார்கள். ஷாவ்மி நிறுவனத்தின் பல செல்பேசிகளில் அதற்கான ஒளி விளக்கும் உண்டு. ஆனால் செல்பேசிக்குரியவர் வேலைக்குப் போகும்போது ரிமோட்டும் அவரோடு போய்விடும். பேச்சினால் இயங்கும் ரிமோட்டையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். உங்கள் அம்மா பேசுகிற திருநெல்வேலித் தமிழையோ நாகர்கோவில் தமிழையோ அது புரிந்துகொள்ளுகிறதா என்று, அம்மாவையே பேசச் செய்து பார்த்தபின் முடிவுசெய்யுங்கள்.

ஐந்தாவதாக, கடைக்கு வெறுங்கையாய்ப் போகாதீர்கள். மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட் ஆகிய இடங்களில் இவை சில நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். தொலைக்காட்சியின் பின்புறமும் செட்டாப் பாக்ஸின் அடியிலும் உள்ள மாடல் எண்களைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரிமோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். பேட்டரியைக் கழற்றினால் கற்றது மறந்துபோகுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் முன்னிலையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவாரா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டிற்கு வந்தபின், திறக்கும் பொத்தான் ஒன்றை மாத்திரம் சோதித்துவிட்டு நிறுத்தாதேயுங்கள். எண்களும், அம்புக்குறிகளும், ‘ஓகே’யும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். குறியீட்டு எண்ணை ஒரு சிறு காகிதத்தில் எழுதிப் பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, ரிமோட்டை அம்மாவின் கையில் கொடுக்கும் விதம். திறக்கும் பொத்தானின்மேல் சிவப்பு ஸ்டிக்கரும், ஒலிப் பொத்தானின்மேல் பச்சை ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். அவர்கள் விரும்பும் நான்கு தமிழ்ச் சேனல்களின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பின்பு ஒரு விடுமுறை நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் தொடாமல், அவர்களையே திறந்து, சேனல் மாற்றி, ஒலியைக் குறைத்து, அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு தரம் தவறினாலும் கையிலிருந்து பிடுங்காதேயுங்கள். “இது கூடவா தெரியவில்லை?” என்ற சொல் பிள்ளைகளின் வாயிலிருந்தும் வர வேண்டாம். படம் மறைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் காட்டிக்கொடுங்கள். எத்தனை மணிக்கானாலும் எனக்குப் போன் செய்யுங்கள் அம்மா, அது எனக்கு இடையூறல்ல என்று சொல்லிவையுங்கள்.

இவ்வாரத்திலேயே ஒருநாள், வேலைக்குப் புறப்படுவதற்கு முன், ரிமோட்டை அம்மாவின் கையில் கொடுத்து, “இதை எனக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். புதியது வாங்க வேண்டுமா, இருப்பதே போதுமா என்பது அப்பொழுதே தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் வேறொரு பொருளோடு சந்திப்போம்.