பூட்டிய மைதானமும் வாடகைக் கொல்லையும்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பை அறிந்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும். வாசலில் திண்ணை, அதையடுத்து ரேழி, கூடம், முற்றம், கிணற்றடி. அதற்கும் அப்பால் அகலம் குறைந்து நீளம் மிகுந்த கொல்லை. வாழையும் தென்னையும் முருங்கையும் நின்ற இடம் அது. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், அதாவது 66 அடி. பந்து வீசுபவன் ஓடிவருவதற்கும் மட்டைக்காரனின் பின்னே வலை தொங்குவதற்கும் மேலும் முப்பது நாற்பது அடி வேண்டும். அகலமோ பத்துப் பன்னிரண்டு அடி இருந்தால் போதும். நம் பாட்டன்மார் வாழை வைத்த கொல்லையின் அளவும் இன்றைய வலைப்பயிற்சிக் கூண்டின் அளவும் இப்படிப் பொருந்திப்போனது விந்தையே.

பொருந்தியதைக் கண்டுகொண்டோர் சும்மா இருப்பார்களா? நீளவாக்கில் சிமெண்டுத் தளம், அதன்மேல் பச்சைப் பாய், மூன்று பக்கமும் மேலேயும் நைலான் வலை, இரவுக்கு இரண்டு விளக்கு. இவ்வளவும் இருந்தால் மணிக்குச் சில நூறு ரூபாய் வாடகை பெறலாம். பந்தை எறியும் இயந்திரமும் இருந்தால் வாடகை இன்னும் கூடும். சற்றே பெரிய மனை வைத்திருப்போர் நாற்புறமும் வலை கட்டி, செயற்கைப் புல் விரித்து, ‘டர்ஃப்’ என்று பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள். திருச்சியின் புதுக் குடியிருப்புகளிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவிலும் இவை பெருகிவருகின்றன. அமெரிக்காவில் பேஸ்பால் பழகும் சிறுவர்களுக்காக வீட்டுப் பின்புறத்தில் வலைக்கூண்டு அமைத்து, அண்டை அயலாருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். அதே வழக்கம் நம்மிடம் கிரிக்கெட்டின் வடிவில் வந்திருக்கிறது.

கொல்லையை வாடகைக்கு விடுபவர்மீது நமக்குக் கோபம் இல்லை. அது அவருடைய நிலம். அவர் போட்ட முதல். மழையில் பாய் நனைந்தால் உலர்த்துபவரும் வலை கிழிந்தால் தைப்பவரும் அவரே. முறையாகப் பயிற்சி பெறும் பிள்ளைக்கு வலை வேண்டும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. நம் வழக்கு வேறு. பயிற்சிக்கு ஏற்பட்ட கூண்டு இன்று விளையாட்டுக்கே மாற்றாகிவிட்டது. பணம் கட்டினால்தான் மட்டையைத் தொடலாம் என்னும் நிலையைப் பெற்றோராகிய நாம் இயல்பென ஏற்கத் தொடங்கிவிட்டோம். இதை ஏற்கலாகாது என்பதே நம் வழக்கு.

கூண்டுக்குள் என்ன கிடைக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். மட்டையடி கிடைக்கிறது. ஓட்டம் இல்லை, எதிர்முனையில் நிற்பவனை அழைக்கும் குரல் இல்லை. உயரே எழுந்த பந்தை வெயிலில் கண் கூச நோக்கி, விழுமிடம் கணித்து ஓடிப் பிடிப்பது இல்லை. நெடுநேரம் ஒன்றும் வராத எல்லைக்கோட்டில் பொறுமையோடு நிற்பது இல்லை. ‘அவுட்’ என்றும் ‘இல்லை’ என்றும் எழும் சச்சரவும், அதை யாரோ ஒருவன் விட்டுக்கொடுத்துத் தீர்ப்பதும் இல்லை. இவையெல்லாம் கழிந்தபின் எஞ்சுவதற்கு நாம் வாடகை கொடுக்கிறோம்.

இன்னொன்றும் போயிற்று. நம் தெரு விளையாட்டுகள் அனைத்திலும் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒருவன் இருப்பான். வயதில் சிறியவன், ஆடத் தெரியாதவன். ஆனாலும் அண்ணனோடு வந்துவிட்டான், அவனை விரட்ட மனமில்லை. அவன் ஆட்டமிழந்தாலும் கணக்கில்லை, ஓட்டமெடுத்தாலும் கணக்கில்லை. அப்படிச் சேர்ந்தவன் இரண்டு வருடம் கழித்து முழு ஆட்டக்காரனாவான். மணிக்கு இவ்வளவு என்று பேசிய பிறகு ஒப்புக்குச் சப்பாணிக்கு ஏது இடம்? அவன் ஆடும் ஒவ்வொரு நிமிடமும் மற்றவர் தலையில் விழும் வாடகை. பங்குப்பணம் கொடுக்க இயலாத நண்பனின் நிலையும் அதுவே. அவனை யாரும் விரட்டுவதில்லை. பணம் வசூலிக்கும் நாளில் அவனாகவே வராமல் நின்றுவிடுகிறான். பிள்ளைகளுக்குள் வசதியின் கோட்டை இவ்வளவு ஓசையின்றிக் கிழிக்கும் கருவி வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

வாடகை நேரம் பிள்ளையின் உடலையும் விடுவதில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்த தந்தை அந்த மணியில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்று வலைக்கு வெளியே கைக்கடிகாரத்தோடு நிற்கிறார். பேஸ்பாலில் இத்தகைய ஆர்வம் சிறுவர்களின் தோளையும் முழங்கையையும் கெடுத்ததால்தான், 2014-இல் அமெரிக்கப் பேஸ்பால் அமைப்புகள் வயதுவாரியாக வரம்பு விதித்தன. ஒன்பது, பத்து வயதுச் சிறுவன் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்பது அவற்றுள் ஒன்று. தெருவில் ஆடும் பிள்ளைக்கு இத்தகைய அட்டவணை தேவைப்பட்டதில்லை. களைத்தால் உட்கார்ந்துவிடுவான், மட்டை அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

திருச்சிப் பிள்ளைகளுக்கு மைதானம் ஒருகாலத்தில் கேட்காமலே கிடைத்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் காவிரியும் கொள்ளிடமும் வறண்டு வெறும் மணலாய்க் கிடக்கும். பள்ளிக்கூடங்களுக்கும் அப்போதுதான் விடுமுறை. ஆறே ஆடுகளமாயிற்று. மணலில் பந்து எழும்பாது என்று ஈரம் தங்கிய இடமாகத் தேடி, மிதித்து இறுக்கி, டென்னிஸ் பந்தால் ஆடுவார்கள். இன்றும் சில இடங்களில் ஆடுகிறார்கள். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்களும் நாணலும் சீமைக் கருவேலமும் ஆற்றைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 1928-இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சாய்ந்தபோது ஆற்றுப்படுகையின் நிலையை ஊரே கண்டது. அந்தப் பள்ளங்களை நம்பிப் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்குத் துணிவு வரும்?

பொன்மலையில் இரயில்வே பணிமனை அமைந்தபோது தொழிலாளர் குடியிருப்போடு மைதானங்களும் அமைந்தன. வேலைக்காரனின் பிள்ளைக்கும் விளையாட இடம் வேண்டும் என்பதை அந்நாளைய இரயில்வே நிர்வாகம் உணர்ந்திருந்தது. இன்றைய மனைப்பிரிவுகளுக்கும் சட்டம் உண்டு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்தால், சாலை நீங்கலாகப் பத்து விழுக்காட்டைப் பொது வெளியாக ஒப்படைக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் இடத்தில் நடைபாதையும் குரோட்டன்ஸ் செடியும் வைத்துவிட்டு, ‘பந்து விளையாடக் கூடாது’ என்று பலகையும் நட்டுவிடுகிறோம். நடப்பதற்குத்தான் நமக்குப் பூங்கா; நம் நீரிழிவு நம் பிள்ளைகளை வெளியேற்றிவிட்டது!

வாடகைக்கூண்டு இல்லாமல் ஆட்டக்காரன் உருவாவானா என்று கேட்போர் உண்டு. சச்சின் டெண்டுல்கர் பழகியது மும்பை சிவாஜி பூங்காவில், பொது மைதானத்தில் கட்டிய வலையில். அவருடைய ஆசான் ரமாகாந்த் அச்ரேக்கர் விக்கெட்டின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். ஆட்டமிழக்கச் செய்தவனுக்கு அந்த நாணயம், கடைசிவரை நின்றால் சச்சினுக்கு. அந்த வலையில் பணம் ஆசானின் பையிலிருந்து பிள்ளையின் கைக்குப் போயிற்று என்பதைக் கவனியுங்கள். நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், சிற்றுண்டிக் கடை நடத்திய தாயின் மகன். ஊர்ப்பொட்டலில் டென்னிஸ் பந்தால் ஆடி வளர்ந்து 2020 டிசம்பரில் இந்திய அணியில் இறங்கினார். புகழ் பெற்றபின் அவர் செய்த காரியங்களில் நம்மைத் தொட்டது, 2023-இல் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்துத் திறந்ததுதான்.

இங்கேதான் நம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. இந்நகரில் பரந்த மைதானங்கள் யாருடைய கையில் உள்ளன? நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரியின் காலந்தொட்டு, துறவற சபைகளும் மறைமாவட்டமும் இங்கே கல்விக்கென நிலம் வாங்கி, சுவர் எழுப்பி, மைதானம் விட்டு வைத்தன. அந்தத் தொலைநோக்குக்கு நன்றி சொல்வோம். ஆனால் மாலையில் கடைசி மணி அடித்த பிறகு நம் பள்ளி மைதானங்களில் எத்தனை திறந்திருக்கின்றன? வாயிற்கதவில் பூட்டு, உள்ளே ஏக்கர் கணக்கில் வெறுமை. சுவருக்கு வெளியே சந்தில் கல்லை அடுக்கி விக்கெட் வைத்து ஆடும் பிள்ளைகளை இருசக்கர வாகனங்கள் ஏசிக்கொண்டு போகின்றன. வசதியுள்ளவன் கொல்லையைத் தேடி வாடகைக்குப் போகிறான்.

தொன் போஸ்கோவின் வரலாறு நம் மறைக்கல்வி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படுவது. ஆனால் அதில் ஒரு பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தூரின் நகரில் தம் சிறுவர் கூட்டத்தை அழைத்துக்கொண்டு அவர் இடம் இடமாக அலைந்தார். சத்தம் பொறுக்கவில்லை என்று ஓரிடத்தில் விரட்டினார்கள். பிலிப்பி சகோதரர்களின் புல்வெளியை வாடகைக்கு எடுத்தபோது, பிள்ளைகள் மிதித்துப் புல்லின் வேரே செத்துப்போகிறது என்று உரிமையாளர்கள் குத்தகையை முடித்துக்கொண்டார்கள். 1846 ஏப்ரலில்தான் வால்தோக்கோவில் பினார்தியின் கொட்டகையும் அதையொட்டிய முற்றமும் கிடைத்தன. வாடகை அவர் தலைமேல். ஆட்டம் பிள்ளைகளுக்கு இலவசம். அந்தச் சபையினர் இந்தியாவுக்கு வந்து முதன்முதலில் கால் ஊன்றியது 1906-இல், நமக்கு அண்மையிலுள்ள தஞ்சாவூரில். புல் செத்துவிடும் என்ற பிலிப்பிகளின் கவலை இன்று நம் நிர்வாகங்களின் கவலையாகிவிட்டதோ?

கவலைகள் பொய்யானவை அல்ல. கண்ணாடி உடையும், அந்நியர் நுழைவர், பிள்ளைக்கு அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழும். பள்ளித் தலைமையாசிரியரும் அருட்சகோதரிகளும் பகல் முழுதும் உழைத்தபின் மாலையிலும் காவல் நிற்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். அதனால்தான் இதை அவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. பொதுநிலையினராகிய நாம் பங்கேற்க வேண்டும். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் வாரத்தில் ஒரு மாலைக்கு இருவர் முறைவைத்து வந்தால், ஆறு அன்பியங்கள் உள்ள பங்கில் ஞாயிறு தவிர்த்த ஆறு நாளும் நிறைந்துவிடும். பெயர்ப்பதிவேடு, முதலுதவிப் பெட்டி, ஐந்து மணிக்குத் திறந்து ஏழு மணிக்குப் பூட்டும் ஒழுங்கு ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. வலைக்கூண்டுக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகையில் சிறு பகுதியைத் திரட்டினாலே, மைதான ஓரத்தில் எல்லாருக்குமான ஒரு வலையைக் கட்டிவிடலாம்.

பெண்பிள்ளைகளுக்கும் அங்கே நேரம் ஒதுக்கப்பட வேண்டும். 2025 நவம்பர் 2-ஆம் நாள் நவி மும்பையில் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றபோது நம் வீடுகளில் கைதட்டினோம். மறுநாள் மட்டை கேட்ட மகளை எங்கே அனுப்பினோம்? மீட்கப்பட்ட எருசலேமைக் காட்டும் இறைவாக்கினர் செக்கரியா, தெருக்களில் விளையாடும் சிறுவரோடு சிறுமியரையும் சேர்த்தே காட்டுகிறார். விளையாடுதல் குழந்தையின் உரிமை என்று கூறும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1992 டிசம்பரில். அந்த ஆண்டில் பிறந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டார்கள்.

ஆண்டுத் தேர்வுகள் முடிந்ததும் கோடை விடுமுறை வரும். மைதானங்கள் முழுநாளும் காலியாக இருக்கப்போகும் ஆறேழு வாரங்கள் அவை. அதற்கு முன் கூடும் பங்குப் பேரவையில் இந்த ஒரு பொருளை எழுத்தில் கொடுப்போம். முறைவைத்து வருவோரின் பெயர்ப்பட்டியலையும் கூடவே இணைப்போம். பெயர்கள் இணையாத விண்ணப்பத்தை நிர்வாகம் திருப்பி அனுப்பினால் அதில் நமக்குக் குறையில்லை.