காலந்தாழ்த்திக் கேட்ட குரல்

கலைஞன் ஒருவனை அவன் வாழுங் காலத்திற் கண்டுகொள்ளாது விட்டு, மாண்டபின் மாலையும் கையுமாய் ஓடிவருவது உலகத்தின் பழைய வழக்கம். இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் வரலாற்றைப் பார்த்தாற் போதும். தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே கிற்றார் மீட்டிப் பாடிய இவ்விளைஞர் 1974ஆம் ஆண்டில், தமது 26ஆவது வயதில் மறைந்தார். அவர் உயிரோடிருக்கையில் வெளிவந்த இசைத்தட்டுக்கள் மூன்று. அவற்றுள் ஒன்றேனும் அக்காலத்தில் 5,000 பிரதிகளுக்குமேல் விற்றதில்லை. இன்றோ அவர் பாடல்களைத் தேடிக் கேட்போர் உலகின் பல திசைகளிலும் உளர்.

இவ்வாரம் அவரைப்பற்றி எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அவருடைய பாடல் ஒன்றைத் தம் கைத்தொலைபேசியில் எனக்குக் கேட்பித்தார். பாடல் முடிந்ததும், "துன்பப்படாத ஒருவரால் இப்படிப் பாட முடியுமா, சேர்?" என்று வினவினார். வினா சிறியது, ஆயினும் அதனுள் ஓர் அபாயம் இருக்கின்றது. துன்பமே கலையின் தாய் என்னும் எண்ணம் இளம் உள்ளங்களில் எளிதில் வேரூன்றும். வேரூன்றிவிட்டால், மனநோயை வரமென்றும், அதற்குரிய மருந்தை அவ்வரத்தைக் கெடுக்க வந்த பகையென்றும் கருதச் செய்யும். ஆகவே, அம்மூன்று இசைத்தட்டுக்களையும் பாடியவரின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்து பார்த்தேன். அவ்வரலாறு மாணவரின் எண்ணத்துக்கு இடந்தரவில்லை.

நிக் டிரேக் 1948ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதி, அக்காலத்திற் பர்மாவின் தலைநகராயிருந்த இரங்கூனிற் பிறந்தார். தந்தையார் ரொட்னி, தேக்குமர வாணிகத்திற் பெயர்பெற்ற பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பனியிற் பணிபுரிந்த பொறியியலாளர். தாயார் மொலி இசையில் ஊறியவர். யப்பானியர் 1942இல் பர்மாவினுட் புகுந்தபோது டில்லிக்குப் பெயர்ந்து, அங்கே சகோதரியாருடன் அகில இந்திய வானொலியிற் பாடியவர். 1950களின் முற்பகுதியில் இக்குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, வார்விக்ஷயர்ப் பகுதியில் ரான்வேர்த்-இன்-ஆடன் என்னும் சிற்றூரிற் குடியமர்ந்தது. அங்கே மொலி அம்மையார் பியானோவின் முன் அமர்ந்து தாம் இயற்றிய பாடல்களைப் பாடுவார். கணவர் அவற்றை ஒலிநாடாவிற் பதிவுசெய்து வைப்பார். ஊருக்கென்று பாடப்படாத அப்பாடல்கள், 1993இல் அவ்வம்மையாரும் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின்னரே இசைத்தட்டாக வெளிவந்தன.

தாயின் பாட்டைக் கேட்டபின் மகனின் பாட்டைக் கேட்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும். அதே அடங்கிய குரல். எதிர்பாராத இடத்திலே மெல்லத் திரும்பும் அதே சுரப்போக்கு. மகிழ்ச்சியின் நடுவிலும் சிறு நிழல் ஒன்று வீழ்ந்து மறையும் அதே தன்மை. நோய் தலைகாட்டுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, அன்பு நிறைந்த ஓர் இல்லத்தில், தாயின் பியானோவருகே அவ்விசையின் விதை விழுந்துவிட்டது.

விதைக்கு நீர் வார்த்தது உழைப்பு. மாள்பரோ கல்லூரியிற் கற்ற காலத்தில் அவர் பியானோ, கிளாரினெற், சக்சபோன் ஆகிய கருவிகளைப் பயின்றார். விரைவோட்டத்திலும் வல்லவராய் விளங்கினார். 1965இல் 13 பவுண் கொடுத்துத் தம் முதற் கிற்றாரை வாங்கினார். 1967இல் தென் பிரான்சின் எய்க்ஸ் நகரிற் சில மாதங்கள் தங்கிப் படிக்கச் சென்றவர், படிப்பினும் மிகுதியாகக் கிற்றாரையே பயின்றார். கிற்றாரின் ஆறு தந்திகளுக்கும் வழக்கமான சுருதியமைப்பு ஒன்று உண்டு. அவரோ அவ்வமைப்போடு நின்றுவிடாது, பாடலுக்கேற்பத் தந்திகளை வெவ்வேறு விதமாகத் தளர்த்தியும் முறுக்கியும் புதிய அமைப்புக்களைக் கண்டார். இராகத்துக்கேற்பத் தம்புராவின் தந்தியை மாற்றிச் சுருதிகூட்டுவதை அறிந்த நம்மவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை ஒரு சீராக நடத்திச் செல்ல, ஏனைய விரல்கள் மேலே வேறொரு கோலம் இடும். கேட்பவர் இரண்டு கிற்றார்கள் ஒலிப்பதாகவே மயங்குவர்.

1967ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிற் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் பயிலப் புகுந்தார். லண்டனில் அவர் பாடக் கேட்ட இசைவாணர் ஒருவர் ஜோ போய்ட் என்னும் அமெரிக்க இசைத்தட்டுத் தயாரிப்பாளருக்கு அவரைப்பற்றிச் சொல்ல, ஒலிப்பதிவு தொடங்கியது. அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. பாடல்களுக்கு வயலின் முதலிய பக்கவாத்தியம் அமைக்க அனுபவமிக்க ஒருவரைத் தயாரிப்பாளர் அமர்த்தினார். கூச்சம் மிகுந்தவரும் பேச்சுக் குறைந்தவருமாகிய நிக், அவ்வமைப்புத் தம் பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கி, தம் கேம்பிறிட்ஜ் நண்பரான றொபேட் கேர்பி என்னும் மாணவரையே அமர்த்துமாறு உறுதியாக நின்றார். அந்த மாணவர் அமைத்த வயலின் இசையே இன்று வியந்து பேசப்படுகின்றது. தமக்கு வேண்டியது யாதென்று தெளிவாக அறிந்த கலைஞனின் செயல் இது.

1969இல் வெளிவந்த அம்முதல் இசைத்தட்டின் பெயர் 'பைவ் லீவ்ஸ் லெவ்ற்'. 'இன்னும் ஐந்து தாள்களே' என்பது பொருள். சிகரெட் சுற்றும் தாட்கட்டு முடியுந் தறுவாயில் இருக்கும் அறிவிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இதில் உள்ள 'றிவர் மான்' என்னும் பாடலை நம் மாணவர் தாளம் போட்டுக் கேட்டல் வேண்டும். மேனாட்டு மெல்லிசையிற் பெரிதும் வழங்குவது நான்கு எண்ணிக்கை. இப்பாடலோ ஐந்து எண்ணிக்கையில், நாம் கண்டநடை என்று சொல்லும் கணக்கில் நடக்கின்றது. ஆயினும் கணக்கு வெளியே துருத்தித் தெரிவதில்லை. ஆற்றுநீர் போல ஓடிக்கொண்டிருக்கின்றது. பட்டப்படிப்பை முடிக்காமலே 1969இல் அவர் கேம்பிறிட்ஜை விட்டு நீங்கினார். 1971இல் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டான 'பிறைற்றர் லேற்றர்' பல வாத்தியங்களோடு கலகலப்பாக அமைந்தது. அதுவும் விலைபோகவில்லை.

விலைபோகாமைக்குக் காரணம் தேடின், மேடைக்கும் அவருக்கும் இருந்த தொலைவே முதலில் நிற்கும். ஒவ்வொரு பாடலுக்கும் தந்திகளை மாற்றிச் சுருதிகூட்ட நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியிற் சபையோரோடு இரண்டு வார்த்தை பேசி அவர்களைப் பிடித்துவைக்கும் வித்தை அவரிடம் இல்லை. குனிந்த தலையோடு அவர் தந்தியை முறுக்க, சபை தன் பேச்சைத் தொடங்கிவிடும். 1970க்குப் பின் அவர் மேடையேறியது அரிது. அவர் பாடுங் காட்சியைக் காட்டும் சலனப்படம் ஒன்றேனும் இன்றுவரை வெளிப்படவில்லை.

இக்காலத்திலேயே நோயின் அறிகுறிகள் தோன்றின. லண்டனிலே தனியறையில் முடங்கினார். நண்பர்களை விட்டு விலகினார். 1971இல் வீட்டாரின் வற்புறுத்தலால் மனநோய் வைத்தியரைக் கண்டார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஒலிப்பதிவாளர் ஜோன் வூட்டுடன் இரண்டே இரவுகளில் மூன்றாவது இசைத்தட்டைப் பதிவுசெய்தார். 1972இல் வெளிவந்த 'பிங்க் மூன்' அதுவே. பதினொரு பாடல்கள்; ஏறத்தாழ 28 நிமிடங்கள்; ஒரு குரலும் ஒரு கிற்றாரும், முதற்பாடலில் மட்டும் சில கணம் பியானோவும். துன்பம் கலையை வளர்க்கும் என்போர் இத்தட்டையே சான்று காட்டுவர். அவர்கள் அதை இன்னொருமுறை கவனித்துக் கேட்பது நல்லது. ஒரு தந்தியேனும் பிசகவில்லை. ஒரு சுரமேனும் மங்கவில்லை. ஆண்டுக்கணக்காகப் பயின்ற விரல்கள், நோய் நெருக்கிய வேளையிலும் தம் கடமையைத் தவறாது செய்தன என்பதே அத்தட்டுக் காட்டும் உண்மை.

நோய் முற்றியபின் நிகழ்ந்ததை 1974இன் ஒலிப்பதிவு காட்டுகின்றது. அதற்கு முன்னரே அவர் பெற்றோரின் இல்லத்துக்குத் திரும்பிவிட்டார். 1972இல் சில வாரங்கள் வைத்தியசாலையிலும் இருந்தார். மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய், எண்ணெய் தீர்ந்த இடத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பார். பெற்றோர் சென்று கூட்டிவருவர். 1974இல் மீண்டும் ஒலிப்பதிவு அறைக்குச் சென்றபோது, பாடிக்கொண்டே கிற்றார் மீட்ட அவரால் இயலவில்லை. முதலிற் கிற்றாரைப் பதிந்து, பின்னர் அதன்மேற் குரலைப் பதியவேண்டியதாயிற்று. சில பாடல்களோடு அம்முயற்சி நின்றது. இரண்டு கிற்றார்களோ என்று மயங்கவைத்த அந்தக் கைக்கும் பாட்டுக்கும் இருந்த உறவைப் பிரித்தது எது? நோயன்றி வேறில்லை. நோய் அவருக்குப் பாடல் கொடுக்கவில்லை. கொடுத்திருந்த பாடலைப் பறித்தது.

1974 நவம்பர் 25ஆந் திகதி தமது பெற்றோரின் வீட்டில், மருந்து அளவு மீறியமையால் அவர் உயிர் பிரிந்தது. மரண விசாரணை அதனைத் தற்கொலை என முடிவுசெய்தது. தவறுதலாக நேர்ந்ததாகலாம் என்று கருதியோரும் உளர். அவரது நோய் நாட்களைத் தந்தையார் தம் நாட்குறிப்பிற் பொறுமையோடு எழுதிவைத்திருந்தார். பெற்றோர் தம்மாலியன்றவை அனைத்தையுஞ் செய்தனர். அன்பு இருந்தும் காக்க முடியாமற்போன வீடுகள் உலகில் உண்டு. அவ்வீட்டாரைக் குற்றஞ் சொல்லும் உரிமை வெளியே நிற்கும் நமக்கு இல்லை.

எனினும் அவ்வன்பு வீண்போகவில்லை. ஜோ போய்ட் அமெரிக்கா திரும்புமுன் தம் நிறுவனத்தை ஐலன்ட் என்னும் கம்பனிக்கு விற்றபோது, நிக் டிரேக்கின் இசைத்தட்டுக்களை ஒருபோதும் விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கலாகாது என்று நிபந்தனை விதித்தார். வாங்குவாரற்றிருந்தும் அவை கிடைத்துக்கொண்டேயிருந்தமைக்கு இதுவே காரணம். மகன் மறைந்தபின், அவன் பாட்டில் உள்ளம் பறிகொடுத்து வீடு தேடிவந்த இளைஞர்களைப் பெற்றோர் வரவேற்று, வீட்டிலிருந்த ஒலிநாடாக்களின் பிரதிகளையுங் கொடுத்தனுப்பினர். 1979இல் மூன்று தட்டுக்களும் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. 1999இல் வொக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்றில் 'பிங்க் மூன்' ஒலித்ததும், கால் நூற்றாண்டாகக் கேளாதிருந்த அமெரிக்கர் கடைகளுக்கு ஓடினர்.

வாசக நேயர்களே, இவ்வரலாற்றில் நம் இல்லங்களுக்கும் ஒரு சேதி உண்டு. பேச்சுக் குறைந்த பிள்ளை ஒன்று மேலும் மேலும் ஒடுங்கி, விரும்பிச் செய்ததையும் கைவிடுமாயின், "அது அதன் சுபாவம்" என்றோ "கலைஞன் அப்படித்தான்" என்றோ விட்டுவிடலாகாது. ஊரார் அறிந்தால் இழுக்கு என்று மறைக்கவுமாகாது. காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் போவதுபோல, இதற்கும் காலந்தாழ்த்தாது போதல் வேண்டும்.

வினவிய மாணவருக்கும் ஒரு வார்த்தை. அவருடைய சாவை மனத்திற்கொண்டு ஒவ்வோர் அடியிலும் அதன் சாயலைத் தேடவேண்டாம். முதல் இசைத்தட்டிலிருந்து தொடங்கி, தாளத்தையும் விரலையும் குரலையும் கேட்டுவருக. இறுதித் தட்டின் இறுதிப் பாடல் காலைப்பொழுதைப் பற்றியது. ரான்வேர்த் தேவாலய முற்றத்தில் அவர் உறங்குமிடத்து நடுகல்லில் அப்பாடலின் ஓரடியே பொறிக்கப்பட்டிருக்கின்றது. இருளையே பாடியவர் என்று உலகம் எண்ணும் அப்பாடகர் தம் கடைசித் தட்டை விடியலோடுதான் முடித்தார். அதனையும் இருந்து கேட்டுவிட்டு எழுந்திருத்தல் நன்று.