சொந்த ஊரிலேயே நூலகர் ஆகணுமா? மரக்காணம் இளைஞர்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது?

மரக்காணம் என்றால் உப்பளம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் படித்த ஒருவர் ‘சென்னைக்குப் போக வேண்டாம், இங்கேயே நூலகர் ஆகலாம்’ என்று ஆசைப்பட்டால் என்ன ஆகும்? படிப்பு கிடைத்துவிடும். பதவி கிடைப்பதுதான் கஷ்டம்.

என்ன படிக்கணும்?

கிளை நூலகத்தின் மூன்றாம் நிலை நூலகர் பணிக்கு நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பு அடிப்படைத் தகுதி. டிகிரி முடித்தவர்கள் பி.லிப் படிக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ இரண்டிலும் தொலைநிலைக் கல்வியில் இது உண்டு. முதுநிலைப் படிப்பு வேண்டுமென்றால், ஈ.சி.ஆரில் தெற்கே போனால் காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகம் இருக்கிறது.

டிஎன்பிஎஸ்சி எழுதினால் போதாதா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 2023-ல் டிஎன்பிஎஸ்சி நடத்திய ஒருங்கிணைந்த நூலகப் பணிகள் தேர்வில், மாநிலம் முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட இடங்கள் 35. அதுவும் கல்லூரி நூலகர், மாவட்ட நூலக அலுவலர் போன்ற பதவிகள். சின்ன ஊரின் கிளை நூலக நாற்காலி அந்தப் பட்டியலில் இல்லை. ஊர்ப்புற நூலகராகச் சேர்ந்து, பிறகு மூன்றாம் நிலைக்குப் பதவி உயர்வு பெறுவதுதான் அந்த நாற்காலிக்கான ஒரு வழி. அந்த முதல் படியில் காலியிடம் எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

காசு எங்கிருந்து வருது?

உங்கள் வீட்டு வரியில் இருந்து. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது அது 10 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் வரி கட்டினால் கூடுதலாக 100 ரூபாய். உள்ளாட்சிகள் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். வசூலான பணம் முழுசாகப் போய்ச் சேர்வதில்லை என்பது பல ஆண்டுப் புகார். அந்தப் பணம் நின்றால் புத்தகம், கட்டடம், பராமரிப்பு எல்லாமே தள்ளிப்போகும். பெரிய கடைகளும் அடுக்குமாடிகளும் இல்லாத ஊர்களில் சொத்து வரியே குறைவு என்பதால் நூலக வரியும் குறைவு.

அப்போ என்ன செய்யலாம்?

டிஎன்பிஎஸ்சியை மட்டும் நம்பாமல் பள்ளி, கல்லூரி நூலகப் பணிகளுக்கும் விண்ணப்பியுங்கள். பக்கத்து நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள். வேலை எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்க்கலாம். உப்பளத்தில் விடியும் முன்பே இறங்குகிறவர்களுக்கு எந்த நேரத்தில் நூலகம் திறந்திருந்தால் பயன்படும் என்று அங்கே பேசலாம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று ரங்கநாதன் 1931-லேயே சொன்னதும் இதைத்தான்.

இன்னொன்று: உங்கள் பேரூராட்சி எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது, மாவட்டத்தில் எத்தனை நூலகர் பணியிடங்கள் காலி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்தான்.