வளைவா, வாத்தியாரா?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் நாம் பிறந்த சிற்றூரிலிருந்து வந்து இந்நகரில் பிழைக்கும் குடும்பங்கள் இருபதுக்குக் குறையாது. அவ்வன்பர்கள் சென்ற ஆண்டு ஒரு நற்காரியம் செய்யக் கருதினர். ஊர்த் தொடக்கப் பள்ளியின் முகப்பில் நுழைவாயில் வளைவு ஒன்று எழுப்பி, பொருளுதவி செய்தோரின் பெயர்களைக் கல்லில் பொறிப்பதென்று தீர்மானம் ஆயிற்று. தொகையும் ஓரளவு சேர்ந்தது. நாம் விடுப்பில் ஊருக்குப் புறப்படுவதை அறிந்து, வாசலின் அகலத்தை அளந்து வருமாறு பணித்தனர்.

அளக்கத்தான் போனோம். வேலை நாளாயிருந்தபடியால் உள்ளேயும் சென்று அமர நேர்ந்தது.

இரண்டு அறைகள், ஐந்து வகுப்புகள், ஆசிரியர் இருவர், பிள்ளைகள் நாற்பதுக்குச் சற்று மேல். உணவில் குறை சொல்ல இடமில்லை. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு முட்டையோடு வருகிறது. 2022-இல் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிந்த காலைச் சிற்றுண்டியும் உண்டு. பசியோடு எந்தப் பிள்ளையும் பாடம் கேட்பதில்லை. நாம் படித்த ஓலைக் கொட்டகை போய்க் காரைக் கட்டடம் வந்திருப்பதும் மகிழ்ச்சியே.

மூன்றாம் வகுப்பில் நம் அண்ணன் மகன் இருந்தான். சித்தப்பாவைக் கண்ட உற்சாகத்தில் தமிழ்ப் புத்தகத்தை விரித்து, ஒரு பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். அவன் கண்கள் பக்கத்தின்மேல் இல்லை என்பதைச் சற்றுப் பின்னரே கவனித்தோம். பையிலிருந்த நம் சங்க இதழை எடுத்துக் கொடுத்தோம். முதல் வரியிலேயே எழுத்துக் கூட்டத் தொடங்கி, மூன்றாம் சொல்லில் நின்றுவிட்டான்.

பையன் மந்தனல்லன். கிலோ முந்நூறு ரூபாய் வீதம் இரண்டரைக் கிலோ நண்டுக்கு என்ன விலை என்று வாய்மொழியாகக் கேட்டோம். கேள்வி முடியுமுன் "எழுநூற்றைம்பது" என்றான். ஏலம் நடக்கும் கரையில் வளர்கிறவனல்லவா! அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். விழித்தான். கணக்கு வரவில்லை என்பதன்று. கேள்வியைப் படிக்க வரவில்லை.

ஆசிரியர்களைக் குறை கூறப் புகுந்தோமில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரு ஆசிரியரே. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்திற்கோ சென்றால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் கொந்தளிக்க, சில குடும்பங்கள் பிள்ளைகளோடு தென்கடற்கரைக்குப் பெயர்ந்துவிடுகின்றன. அவர்கள் திரும்புகையில் பாடம் எங்கோ போயிருக்கும். அரசும் இதை உணராமலில்லை. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' முறை, பிள்ளைகளை வகுப்பால் அல்லாமல் கற்ற நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஓர் அறையில் மூன்று நிலைக்கும் ஒருவர் ஈடுகொடுப்பது எளிதோ?

நம் காலத்து வாத்தியார் ஊரிலேயே வாடகைக்குக் குடியிருந்தார். வலை இழுக்கும் நேரத்தில் கரைக்கே வந்து எங்கள் காதைப் பிடித்து அழைத்துச் செல்வார். இன்றுள்ளவர்கள் இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள். மாலையில் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடுகிறார்கள். ஊரில் குடியிருக்க வீடு கொடுப்பார் யார்?

நம் மாவட்டத்து இராமேசுவரத்தில் தொடக்கக் கல்வி கற்ற அப்துல் கலாம் அவர்கள், தம் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றிப் பலமுறை கூறியதுண்டு. பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியும் மாணவருக்குப் புரியாதபோது, அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறக்கும் பறவைகளையே காட்டினாராம். கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரெல்லாம் அறிந்த நம் பிள்ளைகளுக்கு அப்பெயர்களை எழுதப் படிக்கக் கற்பித்தால் எழுத்து இத்தனை கசக்குமா என்று எண்ணினோம். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நாம் இதற்கு மேல் கல்வித் தத்துவம் பேசுவது தகாது.

அன்றிரவு அண்ணி ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். "தம்பி, இவனை டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கு வேனில் அனுப்பலாமென்று அண்ணன் சொல்கிறார். ஃபீஸில் பாதி நீங்கள் கொடுத்தால் ஆகும்." மறுக்க நாவெழவில்லை. நம் பிள்ளைகள் இங்கே எத்தகைய பள்ளியில் படிக்கிறார்கள் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆயினும், கேள்வி கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வேன் ஏறிவிட்டால், கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளே அங்கு மிஞ்சுவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டுமென்பது சட்டம். அண்ணியே அக்குழுவில் உறுப்பினர்! கையெழுத்துக் கேட்டால் போடுவதுண்டாம். கூட்டத்தில் வாய் திறந்ததில்லையாம்.

ஓராண்டு பொறுக்குமாறு கேட்டுக்கொண்டோம். அண்ணன் முகம் கோணினார், அண்ணி சம்மதித்தார்கள்.

2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது அன்பர்களுக்கு நினைவிருக்கும். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் அளித்தனர். நம் ஊரிலும் பட்டம் பெற்ற பெண் ஒருத்தி அவ்வாறு படிப்பித்தாள். இப்போது வீட்டில் கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கிறாள். மீண்டும் வருவாயா என்று கேட்டதற்கு, மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள் தான் என்றும், இடமும் இருபது கதைப் புத்தகமும் கிடைத்தால் நாளையே வருவதாகவும் சொன்னாள்.

திரும்பி வந்து அன்பர்களிடம் யாவற்றையும் கூறினோம். வளைவுப் பணத்தை அப்பெண்ணின் மாதச் சம்பளத்துக்கும் கதைப் புத்தகங்களுக்கும் திருப்பலாம் என்றோம். சிலர் உடனே இசைந்தனர். மூத்தவர் ஒருவர், "கல்லில் பெயர் இருந்தால் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள், இதில் என்ன தெரியும்?" என்றார். அவர் முதலில் கொடுத்தவர், அதிகமும் கொடுத்தவர். அவர் மனம் நோகச் செய்வது நம் எண்ணமன்று.

தொகை வங்கியில் அப்படியே இருக்கிறது. அடுத்த மாத முதல் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் ஊரார் கூடுகிறோம். வாசலின் அகலம் பதினொன்றரை அடி. அதையும் குறித்து வைத்திருக்கிறோம்.