பனிக்காலத்து ஓய்வு

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவற்றுள் காரைப் புகழாத உழவர் இலர். இளவேனிலைப் பாராட்டாத புலவர் இலர். பனிக்காலமோ அத்தகைய பாராட்டினைப் பெற்றிலது. “குளிர் வாட்டுகின்றது, கைகால் விறைக்கின்றன, வேலை ஓடவில்லை” என்று அதனைக் குறை கூறுவாரே பலர். சோம்பலை வளர்க்கும் காலம் என்று இகழ்வாரும் உளர். இக்கூற்று எத்துணைப் பொருத்தம் உடையது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழ்நாட்டுச் சமவெளியின் பனிக்காலம் கொடியதன்று. நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் மார்கழி, தைத் திங்களில் உறைபனி விழுந்து புல்லை வெண்மையாக்குதல் உண்டு. சமவெளியிலோ பனி மெல்லிய திரைபோல வந்து, கதிரவன் ஏறியவுடன் விலகிவிடும். வைகறையில் தெருக்கள் நீர் தெளிக்கப்பெற்றுக் கோலம் பூண்கின்றன. கோலத்தின் நடுவே சாணவுருண்டையில் பூசணிப்பூ மலர்ந்து நிற்கின்றது. குளத்து நீரின்மேல் ஆவி தவழ்கின்றது. வேப்ப மரத்தடியில் சருகு கூட்டித் தீமூட்டி, முதியோரும் சிறுவரும் சுற்றி அமர்ந்து குளிர்காய்கின்றனர். அங்கே எவர்க்கும் விரைவு இல்லை. ஓங்கிய குரலும் இல்லை. வேனிலின் புழுக்கமும் காரின் பரபரப்பும் அடங்கிய பின்னர் உலகம் ஒருமுறை மூச்சுவிடுவது போன்ற காட்சி அது.

பனித்துளி உண்டாகும் முறையே ஓர் உண்மையை உணர்த்துகின்றது. முகில் நீங்கித் தெளிந்த வானம் உள்ள இரவில், பகலிற் பெற்ற வெப்பத்தை நிலம் விரைந்து வெளியிட்டுக் குளிர்கின்றது. நிலத்தைச் சார்ந்த காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து, திவலையாகிப் புல்லின் நுனியிலும் இலையின் மேலும் படிகின்றது. காற்று அலைந்து கொண்டிருக்கும் இரவில் பனி நன்கு படிவதில்லை. காற்று அடங்கிய இரவிலேயே துளி திரள்கின்றது. மக்கள் உள்ளமும் இத்தன்மையதே. ஓயாது அலையும் உள்ளத்தில் தெளிந்த எண்ணம் திரள்வதில்லை. அடங்கிய உள்ளத்திலேயே அது துளித்துளியாகச் சேர்கின்றது.

ஓய்வு வேறு, சோம்பல் வேறு. செய்யவேண்டிய வேலையைச் செய்யாது கிடத்தல் சோம்பல். செய்த வேலை முற்றுப்பெறும்வரை பொறுத்திருத்தல் ஓய்வு. இவ்வேறுபாட்டினைக் காவிரிப் பாசன நாட்டு உழவனிடம் காணலாம். அவன் சம்பாப் பயிருக்காக உழுதான், நாற்று விட்டான், சேற்றில் இறங்கி நட்டான், களை பறித்தான். ஐப்பசி மழைக்கும் கார்த்திகைப் புயலுக்கும் அஞ்சி இரவெல்லாம் வரப்பைக் காத்தான். மார்கழியில் கதிர் வெளிவந்து பால் பிடிக்கின்றது. இனி அவன் கையை விரைவுபடுத்துவதால் கதிர் விரைவில் முற்றிவிடாது. நீரை அளவாக வைத்துக்கொண்டு, புள் ஓட்டி, பொறுத்திருத்தலே அவன் கடமை. அப்பொறுமையின் பயன் தைத் திங்களில் களத்துமேட்டில் பொன்னாகக் குவிகின்றது.

இன்னும் ஒரு வியப்பும் உண்டு. அறுவடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்னதாக, நெற்பயிர் நிற்கும் ஈர வயலிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது அந்நாட்டு வழக்கம். நெல் அறுக்கப்பட்ட பின் அவற்றுக்குத் தனியே நீர் பாய்ச்சுவார் இலர். மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் இரவில் இறங்கும் பனியையும் பற்றிக்கொண்டே அவை வளர்ந்து காய்க்கின்றன. வெறுந்தரிசாய் ஓய்ந்து கிடப்பதாகத் தோன்றும் நிலம் உண்மையில் வறிதே கிடக்கவில்லை, அமைதியாக உழைக்கின்றது. பனிக்காலம் பயனற்ற காலம் என்பார்க்கு அவ்வயலே விடை கூறும்.

மார்கழியில் திருமணம் முதலிய நிகழ்ச்சிகளை நடத்தாமை தமிழர் வழக்கம். இதனால் அதனைத் தீய மாதம் என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பிழைபட்டது. தீய மாதமாயின், வைகறையில் எழுந்து வாயிலை அணிசெய்து திருப்பாவையும் திருவெம்பாவையும் ஓதும் மாதமாக அதனை வைத்திருப்பரோ? விருந்தும் செலவும் ஊர்ப்பயணமும் இல்லாத ஒரு திங்களை ஆண்டின் நடுவே விட்டுவைத்தமையால், வீட்டிற்கு ஒரு நிறைந்த அமைதி கிடைத்தது. வழக்கம் எக்காரணத்தால் எழுந்ததாயினும் அதன் பயன் இதுவே.

பனிக்காலத்தின் இன்பம் ஆரவார இன்பம் அன்று, அமைந்த இன்பம். உள்ளம் ஒன்றிய கூட்டத்தைப் பாடும் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. குளிர் மிகும்போது ஒருவரையொருவர் அணுகி இருத்தல் உயிர்களுக்கு இயல்பு. வேனிலில் திண்ணைக்கும் தோட்டத்திற்கும் பிரிந்து செல்லும் வீட்டார், பனிக்காலத்தில் ஓர் அறையில் கூடுகின்றனர். பாட்டியின் கதைக்கும் தந்தையின் பேச்சுக்கும் அப்பொழுதே செவி கிடைக்கின்றது.

வாடைக் குளிரைப் பாடிய பழைய நூல்களுள் தலைசிறந்தது பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை. 188 அடிகளையுடைய அப்பாட்டை இயற்றியவர் நக்கீரர். கூதிர்க் குளிரால் ஊர் அடங்கியிருக்கும் நிலையை அவர் நுணுக்கமாகக் காட்டுகின்றார். கால்நடைகள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன. ஆயர் கைகளைத் தீயிற் காய்ச்சிக் கன்னம் நடுங்குகின்றனர். செல்வர் மனைகளில் சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கின்றது. மேல்மாடத்துச் சாளரக் கதவுகள் அடைபட்டிருக்கின்றன. வேனிலில் ஓயாது வீசிய விசிறி, சுருக்கி முளையில் மாட்டப்பட்டு, சிலந்தி நூல் சூழத் தொங்குகின்றது. குளிர்ந்த நீரை விரும்புவார் இல்லை. முதியோரும் இளையோரும் தீச்சட்டியின் வெம்மையை நாடுகின்றனர். ஓய்வின் உருவத்தைக் காட்ட, அத்தொங்கும் விசிறியினும் சிறந்ததொரு பொருளைக் காண்டல் அரிது.

இன்றைய வாழ்வில் அவ்விசிறிக்கு ஓய்வு கிடைப்பினும் மனிதருக்குக் கிடைப்பது அருமையாகிவிட்டது. டிசம்பர் 22-ஆம் நாளை ஒட்டிச் சென்னையில் பகற்பொழுது ஏறக்குறைய 11 மணி 20 நிமிடமே. ஆண்டின் நீண்ட பகலினும் அஃது ஒன்றரை மணி நேரம் குறைந்தது. இயற்கை இவ்வாறு இரவை நீட்டித்துத் தருகின்றது. மனிதனோ மின்விளக்கை ஏற்றி இரவைப் பகலாக்குகின்றான். கைப்பேசியின் ஒளியை நள்ளிரவு வரை நோக்கிக் கண்ணை வருத்துகின்றான். விடியற்காலத்து அழகை உறக்கத்தில் இழந்துவிடுகின்றான். நீண்ட இரவு அவனுக்கு ஓய்வாகவும் இல்லை. குளிர்ந்த வைகறை இன்பமாகவும் இல்லை. பின்னர்ப் பனிக்காலத்தைப் பழிப்பதில் பயன் யாது?

எனினும், பனிக்காலத்தைப் புகழ்வார் ஒன்றை மறத்தல் ஆகாது. குளிர் இனிதாவது போர்வை உடையவனுக்கே. நீண்ட இரவு இனிதாவது கூரை உடையவனுக்கே. ஊர் உறங்கும் வேளையில் பால் கொணர்வோர் உளர். நாளிதழ் சுமந்து வீடுதோறும் செல்வோர் உளர். தெருவைத் தூய்மை செய்வோர் உளர். பேருந்து நிலையத்துக் கல்தரையில் ஒரு கிழிந்த துணியை மூவர் பங்கிட்டுக்கொண்டு கிடப்பதையும் காணலாம். அவர்கள்முன் நின்று பனியின் அழகைப் பாராட்டுதல் பண்பாகாது. தன் ஓய்வில் பிறர் குளிரை நினையாதவன் பெறும் இன்பம் குறையுடைய இன்பமே.

இவ்வுண்மையும் நெடுநல்வாடையிலேயே அமைந்துள்ளது. ஊர் முழுதும் குளிருக்கு அஞ்சி ஒடுங்கிய அந்த நள்ளிரவில், பாசறையில் ஒருவன் உறங்கவில்லை. அவன் நாட்டின் அரசன். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்று உரைகாரர் கூறுவர். வாடையால் விளக்கின் சுடர் தெற்கு நோக்கிச் சாய்கின்றது. குடை தூவலை மறைக்க, சிலரோடு அவன் நடந்து சென்று, புண்பட்ட வீரரைக் காண்கின்றான். அரசனுக்குப் பஞ்சணையும் தீயின் வெம்மையும் அரியவை அல்ல. ஆயினும் தனக்காகப் புண்பட்டவர் குளிரில் கிடக்கும்போது அவற்றை நாட அவன் உள்ளம் இசையவில்லை.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மலைச்சாரலில் மயிலைக் கண்டான். அது குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். தோகையுடைய மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்பார் இன்றும் உளர். புலவர் அதனைக் கொடைமடம் என்று பெயரிட்டுப் போற்றினர். அவன் செய்தது அறியாமையே ஆகுக. குளிரும் மனிதனைக் கண்டும் காணாது செல்லும் அறிவினும், குளிராத மயிலுக்கு இரங்கிய அவ்வறியாமை ஆயிரம் மடங்கு உயர்ந்தது அன்றோ!

அரையாண்டுத் தேர்வு முடிந்து மாணவர்க்கு விடுமுறை வாய்ப்பது இப்பனிக்காலத்திலேயே. சின்னாள் விடுமுறையாயினும் அதனை ஓய்வாக்குவதும் சோம்பலாக்குவதும் அவரவர் கையில் உள்ளது. முன்னிரவில் உறங்கி வைகறையில் எழலாம். பனி படிந்த வரப்பில் நடந்து கதிரைக் காணலாம். வீட்டு முதியோர் அருகிருந்து அவர் கூறுவதைக் கேட்கலாம். நல்லதொரு நூலை விரைவின்றிப் படிக்கலாம். பெட்டியில் பயனின்றிக் கிடக்கும் கம்பளத்தை எடுத்து, குளிரும் ஒருவருக்கு அளிக்கலாம். அன்றிரவு தம் போர்வைக்குள் அவர் உணரும் வெம்மை முன்னினும் இனிதாக இருக்கும். முளையில் தொங்கும் விசிறி போலக் கையும் காலும் சிறிது ஓயட்டும். இரக்கம் மட்டும் ஓயாதிருக்கட்டும்.